தேனீப்பெட்டி வைத்த பெறாமகளுக்கு

ஒட்டுசுட்டான்,
மாசி மாதம்.

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பா எழுதிக்கொள்வது. இரணைமடு வாய்க்காலோரத்து வளவில் நீ வைத்த பெட்டியிலிருந்து பாதிக் கூட்டம் ஒரு பகற்பொழுதில் இரைந்துகொண்டு புறப்பட்டு, வேலியோர முருங்கையிலே தாடிபோலத் தொங்கியதென்றும், அயலவர் நெருப்பு வைக்கச் சொன்னார்களென்றும், நீ அழுதாயென்றும் எழுதியிருந்தாய். இக்கடிதம் உன் கையை அடையுமுன் அவை போயிருக்கும். ஆகையால் அடுத்துப் பிரியப்போகும் கூட்டத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

என்ன குறை வைத்தேன் என்று கேட்கிறாய். மாரி ஓய்ந்து காடு பூக்கத் தொடங்கியதும், பெட்டிக்குள் மகரந்தமும் குஞ்சும் பெருகி இடம் நெருங்குகையில், மூத்த இராணி ஏறக்குறையப் பாதிக் குடியை அழைத்துக்கொண்டு வெளியேறி, பழைய வீட்டைப் பிறக்கவிருக்கும் மகளுக்கு விட்டுப்போவது அவற்றின் வம்ச விருத்திக்குரிய கிருத்தியமேயன்றி உன்மேற் கொண்ட கோபமன்று. வதையின் கீழ் விளிம்பிலே கச்சான் கோதைப்போல் தலைகீழாகத் தொங்கும் இராணி அறைகளைக் கண்டால், அவை மூடப்படும் தறுவாயில் கூட்டம் புறப்படுமென்று அறிந்துகொள். முட்டையிட்டதிலிருந்து ஏறக்குறைய 16 நாட்களில் புது இராணி வெளிவந்துவிடுமாதலால், பூக்காலத்தில் வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்ப்பது அவசியம். அதற்குமேல் திறப்பது உபத்திரவம். நான் முதன்முதல் மண்முட்டியில் பிடித்து வைத்த குடியை ஆசை மிகுதியால் நாள்தோறும் திறந்து பார்த்தேன். பத்தாம் நாள் முட்டி வெறுமையாயிருந்தது.

அது பிரிதலன்று, ஓடிப்போதல். இவ்விரண்டின் பேதத்தை அறியாதவன் எத்தனை பெட்டி வைத்தாலும் பிரயோசனமில்லை. பிரிந்தால் பாதிக் குடியாவது மிஞ்சும். ஓடிப்போனால் ஒன்றும் மிஞ்சாது. எறும்பேறினாலும், மெழுகு அந்தின் புழு வதையை அரித்தாலும், சித்திரை வெயில் நேரே பட்டாலும், உணவு தீர்ந்தாலும் நம் நாட்டுத் தேனீ பொறுத்திராது. நன்றிகெட்ட சாதி என்று சிலர் சொல்வார்கள். உழவு இயந்திரப் பெட்டியிலே சட்டிபானையை ஏற்றிக்கொண்டு எத்தனை தரம் ஊர் மாறினோம் என்பதை எண்ணிப் பார்த்தால், அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெட்டியின் கால்களை நீரூற்றிய சிரட்டைகளில் நிறுத்து. வேம்பின் நிழலில் வை. கிணற்றடியில் ஒரு தட்டில் கூழாங்கற்களும் தண்ணீரும் இருக்கட்டும்.

இனிக் கூட்டம் பிடிக்கும் விதம். கிளையில் தொங்குகையில் அவை வயிறு நிறையத் தேன் குடித்துப் புறப்பட்டவையாதலாலும், காப்பதற்கு வதையோ குஞ்சோ இல்லாமையாலும், கொட்டுவது அபூர்வம். அவற்றின் தூதர் புதிய பொந்தொன்றைக் கண்டுவந்து சொல்லும்வரை, சில மணி நேரமோ ஓரிரு நாட்களோ, அங்கேயே காத்திருக்கும். அந்தி சாயும் வேளையில், சிறிதளவு நீரைத் தெளித்து, கூட்டத்தின் கீழே கடகத்தை ஏந்திக் கிளையை ஒரேயொரு தரம் பலமாக உலுக்கி, பழைய பெட்டியிலிருந்து எடுத்த குஞ்சு வதையொன்றை முன்னரே வைத்திருக்கும் புதுப் பெட்டியினுள் மெல்லக் கொட்டிவிடு; குஞ்சை விட்டுப்போக அவற்றுக்கு மனம் வராது. அந்த வதையில் இராணி அறை ஒட்டியிருக்கவில்லையென்று முதலில் உறுதிசெய்துகொள். வேலைக்காரத் தேனீக்கள் நுழையவும் இராணி நுழையாதிருக்கவும் அளவாக அமைந்த இராணி வாயிலை மூன்று நான்கு நாட்களுக்குப் பூட்டிவை. நெருப்பு வேண்டாம். இளமையில் முத்தையன்கட்டுப் பக்கத்தில் ஒரு மருதம் பொந்தினுள் பந்தம் செருகி இரண்டு போத்தல் தேன் எடுத்தவன் நான். அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் அந்தப் பொந்து வெறுமையாகவே கிடந்தது. பெட்டி திறக்கையில் தென்னம் பொச்சின் இலேசான புகை போதும்.

பெட்டியைத் தச்சரிடம் செய்விப்பதானால் அளவில் ஜாக்கிரதை வேண்டும். வதைகளுக்கிடையே ஏறக்குறைய அரை விரற்கிடை வெளி விட்டால் தேனீ அதை அடைக்காது என்பதை 1851 இல் அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்றோத் கண்டறிந்தார். ஆயினும் அவருடைய பெட்டி மேனாட்டுத் தேனீக்குரியது. நமது சிறிய தேனீக்கேற்ற பெட்டியை அமைத்து 1911 முதல் தென்னிந்தியக் கிராமத்தவரைப் பழக்கியவர் நியூட்டன் பாதிரியார். அந்தச் சிறிய அளவையே கேள்.

முதல் வருஷம் தேன் எடுக்காதே. ஐப்பசி தொடங்கி மார்கழி வரையில் அடைமழைக்குள் அவை வெளியேற முடியாது. மெழுகால் மூடிய வதைகளே அப்போது அவற்றின் சோறு. அதையும் எடுத்துவிட்டுச் சீனிப்பாகு ஊற்றுவது எனக்குச் சம்மதமில்லை, நன்றாகப் பெருகிய குடியாயிருந்தாலன்றி. சந்தையில் வன்னித்தேன் என்று போத்தலில் விற்பதில் எவ்வளவு பாகு என்று நீயே அறிவாய்.

வயலுக்கு மருந்தடிப்பவர்களிடம், தேனீ பறந்து திரியும் காலையில் அடிக்காமல் பின்னேரத்தில் அடிக்கும்படி இரந்து கேள். முதற்போத்தலில் அவர்களுக்கும் பங்குண்டு என்று சொல், கேட்பார்கள். ஓடிய கூட்டத்தைத் தொடர்ந்து காட்டுக்குள் போகாதே. மிதிவெடி அகற்றாத இடத்தின் சிவப்பு மண்டையோட்டுப் பலகையைக் கண்டால், தேனும் வேண்டாம், தேனீயும் வேண்டாம், திரும்பி வா. கொட்டினால் கொடுக்கைக் கிள்ளிப் பிடுங்காமல் நகத்தால் உடனே சுரண்டிவிடு. கொட்டிய இடத்தோடு நில்லாமல் உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டுமானால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போ.

நாளைய பஸ்ஸில் என் பழைய முட்டிகள் இரண்டை அனுப்புகிறேன். வாய்ப்பக்கத்தைப் பலகையால் மூடி, சிறு துவாரம் விட்டு, உயரமான கிளையில் நிழலுக்குள் கட்டித் தொங்கவிடு. அழுக்காயிருக்கிறதென்று உள்ளே கழுவிவிடாதே. அதில் பழைய மெழுகின் வாசனை இருக்கிறது.

இப்படிக்கு,
உன் பெரியப்பா.