சந்தையில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

கேள்வி: மகனோடு இருக்க லண்டன் வந்து இரண்டு வருடமாகிறது. போன சனிக்கிழமை சந்தையில் நம்மவர் ஒருவரிடம் ஒரு பெட்டி மாம்பழம் வாங்கினேன். மேலடுக்கு நன்றாக இருந்தது. வீட்டில் பிரித்தால் அடியடுக்கில் பாதி அழுகல். அன்று மாலையே கொண்டுபோனேன். “அக்கா, இது லண்டன். இங்கே விற்றதைத் திருப்பி எடுக்கிற வழக்கமில்லை” என்று நாலு பேர் முன்னால் சத்தம் போட்டார். ‘நோ ரீஃபண்ட்’ என்ற பலகையையும் காட்டினார். முன்பொரு நாள் அங்கேயே வேறொருவரிடம் வாங்கிய ஐந்து பவுண்டு சார்ஜர் சூடாகிக் கருகல் வாடை அடிக்கிறது. அவரை மறுவாரம் முதல் காணவில்லை. புகார் செய்தால் என் விசாவுக்குப் பிரச்சினை வருமா? மகன் இனி சூப்பர்மார்க்கெட்டைத் தவிர எங்கும் போகாதே என்கிறான்.
— வி. எஸ்., ஈஸ்ட் ஹாம்

பதில்: முதலில் விசா பயத்தை விடுங்கள், அம்மா. கெட்டுப்போன பொருளுக்குப் பணம் திருப்பிக் கேட்பது குற்றமும் இல்லை, வழக்கும் இல்லை. வாங்கியவரின் உரிமை அவருடைய குடியுரிமையைப் பொறுத்ததல்ல. காசு கொடுத்து வாங்கியவர் என்பதே போதும்.

அந்தக் கடைக்காரர் ‘இது லண்டன்’ என்று சொன்னதுதான் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. ஊருக்குப் புதியவரிடம் ஊரின் பெயரைச் சொல்லி மிரட்டுவது பழைய தந்திரம். உண்மை நேர்மாறானது. 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் உரிமைச் சட்டம், கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடைக்கும் தார்ப்பாய் கட்டிய தள்ளுவண்டிக்கும் ஒன்றேதான். விற்கும் பொருள் திருப்தியான தரத்தில் (விலைக்கும் விவரிப்புக்கும் ஏற்ற, நியாயமானவர் ஏற்றுக்கொள்ளும் நிலையில்) இருக்க வேண்டும். சொன்னபடி இருக்க வேண்டும். உரிய பயனுக்கு உதவ வேண்டும். இல்லையென்றால் முதல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். ‘நோ ரீஃபண்ட்’ பலகை இந்த உரிமையை எடுத்துவிடாது. ‘பிடிக்கவில்லை, நிறம் வேண்டாம்’ என்று மனம் மாறி வருகிறவருக்கு மட்டுமே அந்தப் பலகை செல்லும்.

பழத்துக்கு 30 நாள் கணக்குப் பார்க்கக் கூடாது. சீக்கிரம் அழுகும் பொருளுக்கு, அது இயல்பாக எத்தனை நாள் தாங்குமோ அவ்வளவுதான் கெடு. நீங்கள் அன்று மாலையே போனது மிகச் சரி. ஒரு வாரம் கழித்துப் போயிருந்தால் நானே அவர் பக்கம் பேசியிருப்பேன்.

இன்னொன்றும் கவனியுங்கள். வாங்குமுன் சொல்லிக் காட்டிய குறைக்கோ, நீங்களே பார்த்துத் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கோ பிறகு பணம் கேட்க முடியாது. அந்தி நேரத்தில், கடை கட்டும்போது, ஒரு கிண்ணம் ஒரு பவுண்டு என்று கூவி விற்கிற தக்காளியில் இரண்டு நசுங்கியிருந்தால் அது விலையிலேயே அடங்கியது. உங்கள் பெட்டி அப்படியில்லை. மேலடுக்கைக் காட்டி முழுப் பெட்டிக்கும் விலை வாங்கினார். அடியில் இருப்பதை அங்கே நின்று நீங்கள் பார்த்திருக்க முடியாது.

சரி, பெட்டிக்குள் அழுகல் எப்படி வந்தது? எப்போதும் வஞ்சனை என்று நினைக்காதீர்கள். கிழக்கு லண்டன் சந்தைக்காரர்கள் பலர் லேட்டனில் உள்ள நியூ ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் மொத்தச் சந்தையில் நள்ளிரவுக்குப் பிறகு சரக்கு எடுப்பார்கள். விடிவதற்குள் வேனில் ஏற்றிக் கடை விரிக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியையும் அடிவரை பிரித்துப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. அதோடு, நன்கு கனிந்து இன்றோ நாளையோ விற்றாக வேண்டிய சரக்குதான் மலிவாகக் கிடைக்கும். சூப்பர்மார்க்கெட் மாம்பழம் கல்போல இருப்பதற்கும் சந்தைப் பழம் மணப்பதற்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். ஆக அவரும் ஏமாந்திருக்கலாம். ஆனால் அந்த நட்டத்தை அவர் மொத்த வியாபாரியிடம் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் தலையில் கட்டக் கூடாது.

வேண்டுமென்றே செய்கிறவர்களும் உண்டு. முன்வரிசையில் பளபளவென்று அடுக்கி வைத்துவிட்டு, கை மட்டும் பின்னாலிருந்து எடுத்துக் கறுப்புப் பையில் போடும். அங்கே ‘இதிலிருந்து போடுங்கள்’ என்று முன்வரிசையைத் தொட்டுக் காட்டுங்கள். முகம் சுளிக்கிறவரை விட்டு நகருங்கள். தராசையும் பாருங்கள். எடை போடுமுன் எண் சுழியத்தில் இருக்க வேண்டும், தட்டின் எடை கழிந்திருக்க வேண்டும், அரசு முத்திரை இருக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டிலிருந்து உதிரிச் சரக்கைக் கிலோ, கிராமில் விற்பது சட்டம். பவுண்டு கணக்கைக் கூடவே எழுதிக்கொள்ளலாம். டால்ஸ்டன் ரிட்லி ரோடு சந்தையில் முத்திரையில்லாத பவுண்டு, அவுன்சுத் தராசு வைத்திருந்த ஒரு வியாபாரி 2008-இல் நீதிமன்றம் வரை போக நேர்ந்தது. அப்போது அது கொஞ்சம் அதிகப்படி என்று பலர் சொன்னார்கள். என் கட்சியும் அதுதான். அந்தத் தராசு குறைத்துக் காட்டியதாக யாரும் சொல்லவில்லை.

இனி செய்ய வேண்டியது. அடுத்த சனிக்கிழமை கூட்டம் சேருமுன் காலையிலேயே போங்கள். பழத்தின் படம் எடுத்திருந்தால் கொண்டுபோங்கள். ரசீது இல்லாவிட்டால் பாதகமில்லை. கார்டில் கொடுத்திருந்தால் வங்கிக் கணக்கு சொல்லும், ரொக்கமானாலும் அன்றே நீங்கள் திரும்பிப் போனதை அவரால் மறுக்க முடியாது. சத்தம் போடாமல், ‘தம்பி, நுகர்வோர் உரிமைச் சட்டப்படி கேட்கிறேன்’ என்று மட்டும் சொல்லுங்கள். பாதிப் பெட்டிக்குப் பணமோ மாற்றுப் பழமோ தந்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். மசியாவிட்டால் கடையில் மாட்டியுள்ள அனுமதி எண்ணைக் குறித்து, சந்தையைக் கவனிக்கும் கவுன்சில் அலுவலரிடம் கொடுங்கள். ‘நோ ரீஃபண்ட்’ பலகையைப் பார்த்தாலே அந்த அலுவலருக்குப் புரியும். ஒரு பெட்டிப் பழத்துக்காக நீதிமன்றப் படியேற வேண்டாம்.

‘நம்மவர் மீதா புகார்?’ என்று கோயிலில் யாராவது கேட்கக்கூடும். நம்மவர் என்பதால்தானே நீங்கள் அவரிடம் வாங்கினீர்கள்.

சந்தையை விட்டுவிடும்படி மகன் சொல்வதை நான் ஏற்கவில்லை. வாரந்தோறும் அதே இடத்தில் நிற்கிறவருக்கு உங்கள் முகம் மூலதனம். முருங்கைக்காயை முறித்துக் காட்டுகிறவர், ‘இன்றைக்கு இந்த மீன் வேண்டாம், வியாழன் வாருங்கள்’ என்று தன் வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொள்கிறவர், உங்களை ‘லவ்’ என்று கூப்பிட்டுக் கூடுதலாக ஒரு எலுமிச்சை போடுகிற வெள்ளைக்காரக் கிழவர் எல்லோரும் இதே லண்டன் சந்தைகளில்தான் இருக்கிறார்கள். அடுத்த வாரம் இங்கே இருப்பாரா என்று பார்த்து வாங்குங்கள்.

அந்தச் சார்ஜர்காரர் இருக்கவில்லை. எனக்கு மாம்பழத்தை விட அதுதான் கவலை. பிளக் முள்ளின் ஓரத்துக்கும் சார்ஜரின் விளிம்புக்கும் இடையே 9.5 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். போலிச் சார்ஜர்கள் பலவற்றில் அது இருக்காது. தயாரிப்பாளர் பெயர், முகவரியும் இருக்காது. உள்ளே மின்காப்பும் (மின்சாரம் வெளியே பாயாமல் தடுக்கும் உறை) ஒழுங்காக இருக்காது. கருகல் வாடை தீப்பிடிப்பதற்கு முந்தைய எச்சரிக்கை.

சுவிட்சை அணைத்து இன்றே கழற்றி எடுங்கள். குப்பையில் போடாதீர்கள், அதுதான் சாட்சி. சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவி எண் 0808 223 1133, அழைப்புக் கட்டணமில்லை. அவர்கள் உங்கள் கவுன்சிலின் வணிகத் தரக் கண்காணிப்புப் பிரிவுக்குத் தகவல் அனுப்புவார்கள். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமானால் மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். வாங்கிய இடம், நாள், அவர் நின்ற மூலை மூன்றையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள்.