கருத்தரங்கு அறிவிப்பை ஆராய்ச்சிக் காலண்டருக்கு அனுப்புவது எப்படி?

இன்ஜினியரிங் கல்லூரிகளில் கருத்தரங்கு நடத்தும் பொறுப்பு பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவர்கள் தலையில்தான் விழுகிறது. ஹால், சாப்பாடு, பேனர் என எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்பவர்கள், அறிவிப்பை மட்டும் அவசரமாக நான்கு வரியில் டைப் செய்து அனுப்பிவிடுகிறார்கள். அதில் ஒரு தேதி குழப்பமாக இருந்தால், எங்கோ ஒரு மாணவரின் ஓராண்டு உழைப்பு வாசலிலேயே திரும்பிப் போகும்.

கம்ப்யூட்டர் துறையில் புதிய கண்டுபிடிப்புகள் பெரும்பாலும் கருத்தரங்குகளில்தான் முதலில் வெளியாகின்றன. பாதுகாப்புப் பிரிவில் 1980 முதல் நடந்து வரும் ஐ.இ.இ.இ. கருத்தரங்கு, யூஸ்னிக்ஸ் செக்யூரிட்டி, ஏ.சி.எம். சி.சி.எஸ்., என்.டி.எஸ்.எஸ். ஆகிய நான்கும் முன்னணியில் உள்ளவை. இவற்றைத் தவிரச் சிறிய கருத்தரங்குகள் ஏராளம். எது, எங்கே, எப்போது என்று ஒரே இடத்தில் தொகுத்துத் தருபவைதான் ஆராய்ச்சிக் காலண்டர்கள். ஐ.இ.இ.இ. பாதுகாப்புக் குழுவின் 'சைஃபர்' மின்மடலும், சர்வதேச கிரிப்டாலஜி ஆராய்ச்சிக் கழகமும் இத்தகைய காலண்டர்களை வெளியிட்டு வந்துள்ளன. இவற்றுக்கு அறிவிப்பு அனுப்பும்போது கவனிக்க வேண்டியவற்றைப் பார்ப்போமா?

1. பெயர்: முழுப் பெயர், சுருக்கப் பெயர், எத்தனையாவது கருத்தரங்கு, ஊர், நாடு ஆகிய அனைத்தையும் தாருங்கள். "இண்டோகிரிப்ட் 2007, இந்தியாவில் நடைபெறும் எட்டாவது கிரிப்டாலஜி கருத்தரங்கு, சென்னை, இந்தியா, 2007 டிசம்பர் 9 முதல் 13 வரை" என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. பிரபலமான கருத்தரங்கின் பெயரைப் போலவே பெயர் வைத்துக் கட்டணம் வசூலிக்கும் கூட்டங்களும் உண்டு. எனவே கட்டுரைகளை மதிப்பிடும் குழுவினர் யார் என்பதையும் அதிகாரபூர்வ இணைய முகவரியையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். 2005-இல் எம்.ஐ.டி. மாணவர்கள் மூவர், கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிய அர்த்தமற்ற கட்டுரை ஒன்றை டபிள்யூ.எம்.எஸ்.சி.ஐ. கருத்தரங்கிற்கு அனுப்ப, மதிப்பீடு இல்லாமலே அது ஏற்கப்பட்டது. அதனால்தான் இந்த விவரங்களைப் பலரும் தேடிப் பார்க்கிறார்கள்.

2. தேதி: 03/04 என எழுதினால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. எனவே மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். ஆண்டையும் விடக்கூடாது.

3. கெடு நேரம்: "30-ஆம் தேதி நள்ளிரவு" என்றால் எந்த நாட்டு நள்ளிரவு? பல கருத்தரங்குகள் 'எனிவேர் ஆன் எர்த்' என்ற முறையைப் பின்பற்றுகின்றன. உலகில் எந்த மூலையிலாவது அந்தத் தேதி மீதமிருக்கும் வரை அனுப்பலாம் என்பது இதன் பொருள். இது யு.டி.சி. நேரத்திற்கு 12 மணி நேரம் பின்தங்கியது. இதன்படி 30-ஆம் தேதி இரவு 11.59 என்பது நமக்கு மறுநாள் மாலை 5.29 ஆகும். எந்த முறை என்பதை அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

4. இரண்டு கெடுக்கள்: சில கருத்தரங்குகளில் கட்டுரைச் சுருக்கத்தை முன்னதாகவே பதிவு செய்திட வேண்டும். செய்யாவிட்டால் முழுக் கட்டுரையை ஏற்கமாட்டார்கள். இரண்டு தேதிகளையும் தனித்தனி வரிகளில் தாருங்கள்.

5. காலண்டர் பைல்: அறிவிப்புடன் ஐ.சி.எஸ். பைல் ஒன்றையும் தந்தால், படிப்பவர் ஒரே கிளிக்கில் தன் போனில் சேர்த்துக்கொள்வார். இதில் ஒரு நுட்பம் உண்டு. நேரம் குறிப்பிடாத முழுநாள் நிகழ்ச்சிகளில், முடிவுத் தேதியாக நிகழ்ச்சி முடிந்த மறுநாளைத் தர வேண்டும். டிசம்பர் 13-இல் முடியும் கருத்தரங்கிற்கு 14 எனத் தர வேண்டும். 13 எனத் தந்தால் காலண்டர் 12-உடன் நிறுத்திவிடும்.

6. மாற்றம்: கெடுவை நீட்டித்தால், அறிவிப்பு அனுப்பிய எல்லாக் காலண்டர்களுக்கும் உடனே தெரிவியுங்கள். பைலில் உள்ள 'யு.ஐ.டி.' என்ற அடையாள எண்ணை மாற்றாமல், 'சீக்வென்ஸ்' எண்ணை மட்டும் ஒன்று கூட்டி மீண்டும் அனுப்புங்கள். எண்ணை மாற்றிவிட்டால் பழைய தேதியும் புதிய தேதியும் அருகருகே நின்று குழப்பும்.

போஸ்டரைப் படமாக இணைத்து அனுப்புவதைத் தவிர்த்திடுங்கள். காலண்டர் தொகுப்பவர் அதைப் பார்த்து மறுபடியும் டைப் செய்ய நேரும். பிழை அங்கேதான் நுழையும். சாதாரண எழுத்தாகவே இமெயிலில் அனுப்புங்கள்.

இறுதியாக ஒரு சோதனை. கருத்தரங்கிற்குச் சம்பந்தமில்லாத நண்பரிடம் அறிவிப்பைக் கொடுத்து, "நம் ஊர் நேரப்படி எத்தனை மணி வரை அனுப்பலாம்?" என்று கேளுங்கள். அவர் தயங்காமல் பதில் சொன்னால் 'சென்ட்' பட்டனை அழுத்தலாம்.