மறியலுக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்கு

பிள்ளைகளே, தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காகத் தெருவில் இறங்கப்போகிறோம், வழி சொல்லுங்கள் என்று கேட்டு வந்திருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த நல்ல பாடம் நியூயார்க்கின் ‘ஆக்ட் அப்’ அமைப்புதான். எய்ட்ஸில் தன்பாலீர்ப்பு ஆண்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த காலம். 1987 மார்ச்சில் எழுத்தாளர் லாரி கிராமர் ஒரு சமூக மையத்தில் கொதித்துப் பேசினார். அதையொட்டி அமைப்பு பிறந்தது. அதிபர் ரீகன் இந்த நோயைப் பற்றி முதன்முதலாக விரிவாக உரையாற்றியதே அந்த ஆண்டு மே கடைசியில்தான். அதற்குள் 20,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்திருந்தார்கள்.

ஆக்ட் அப்பின் போராட்டக் காட்சிகளை நீங்கள் படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தக் காட்சிகளுக்குப் பின்னால் இருந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

1. முதலில் படியுங்கள். யாரிடம், எதை, ஏன் கேட்கிறோம் என்பது கோஷம் போடும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நான் சொல்லப்போகும் மற்ற எல்லாவற்றையும் விட இதை மேலாக வைக்கிறேன். ஐரிஸ் லாங் என்ற மருந்து வேதியியலாளர் ஆக்ட் அப்பின் கூட்டங்களுக்கு வந்தார். அவர் தன்பாலீர்ப்பாளர் அல்லர். மருந்துச் சோதனை எப்படி நடக்கிறது, அரசு எப்படி அனுமதி தருகிறது என்று உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். மருத்துவமே படிக்காதவர்கள் ஆய்வு அறிக்கைகளை வரி வரியாகப் படித்தார்கள். அவர்களில் ஒருவரான மார்க் ஹாரிங்டன் கலைச்சொற்களுக்கு ஒரு பட்டியலே தயாரித்தார்.

1988 அக்டோபர் 11 அன்று மேரிலாந்தில் உள்ள உணவு, மருந்து நிர்வாகத்தின் தலைமையகத்தை ஆயிரம் பேருக்கு மேல் முற்றுகையிட்டார்கள். 170 பேருக்கு மேல் கைதானார்கள். அங்கே போவதற்கு முன்பே கையேடு அச்சிட்டு, வகுப்பு நடத்தி, பத்திரிகைக்காரர்களுக்கும் விஷயத்தை விளக்கியிருந்தார்கள். சாகக் கிடப்பவருக்கு, சோதனை முடியட்டும் என்று மருந்தை மறுக்காதே. மருந்தில்லாத வெறும் மாத்திரையைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்காதே. பெண்களையும் கறுப்பின மக்களையும் சோதனைகளில் சேர்த்துக்கொள். இவைதான் கேட்டவை. அதே ஆண்டு, அரசின் எய்ட்ஸ் ஆய்வுகளுக்குப் பொறுப்பாக இருந்த ஆந்தனி ஃபவுச்சியைக் கொலைகாரர் என்றே கிராமர் எழுதித் திட்டியிருந்தார். சோதனையில் சேர முடியாத நோயாளிகளுக்கும் புதிய மருந்து கிடைக்கும் திட்டத்தை 1989இல் அதே ஃபவுச்சி ஆதரித்தார். திட்டு மட்டும் அவரை அந்த இடத்துக்குக் கொண்டுவரவில்லை. அவருக்கு எதிரே உட்கார்ந்தவர்களிடம் பதில் சொல்ல முடியாத கேள்விகள் இருந்தன.

2. யார் வாசலில் நிற்கப்போகிறீர்கள் என்று பாருங்கள். அன்றைக்கு இருந்த ஒரே எய்ட்ஸ் மருந்து ஏ.இசட்.டி. வந்த புதிதில் ஓராண்டுக்கு ஏறக்குறைய 10,000 டாலர். விற்றது பரோஸ் வெல்கம் நிறுவனம். ஆக்ட் அப்பின் பீட்டர் ஸ்டேலி முன்பு வால் ஸ்ட்ரீட்டில் கடன்பத்திர வணிகம் செய்தவர், அவருக்கும் எச்.ஐ.வி. இருந்தது. 1989 செப்டம்பர் 14 அன்று அவரும் தோழர்கள் சிலரும் கோட்டு சூட்டும் போலி அட்டையுமாக நியூயார்க் பங்குச் சந்தைக்குள் நுழைந்தார்கள். மாடத்தில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு, வெல்கம் பங்குகளை விற்றுவிடச் சொல்லும் பதாகையை இறக்கினார்கள். தொடக்க மணி ஒலிப்பதற்குள் காற்றொலிப்பான்களை அலறவிட்டார்கள். சில நாட்களில் மருந்தின் விலை 20 சதவீதம் குறைந்தது. ஏழு பேர் போதுமாக இருந்தது. விலையை நிர்ணயிப்பவனுக்கு எங்கே வலிக்கும் என்று அறிந்த ஏழு பேர்.

3. கைதாவதற்கும் பயிற்சி உண்டு. போலீஸ் தூக்கும்போது உடம்பை எப்படித் தளர்த்துவது, என்ன கேட்டால் என்ன சொல்வது என்று ஆக்ட் அப் தோழர்கள் நடித்தே பழகினார்கள். சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றார்கள். வேளைக்கு மருந்து சாப்பிட வேண்டியவர், குடியுரிமைத் தாள் இல்லாதவர், வீட்டுக்குத் தெரிந்தால் தெருவில் நிற்க வேண்டியவர் ஆகியோரைக் கைதாகச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். கடைசி ஆள் வெளியே வரும்வரை காவல் நிலைய வாசலில் காத்திருப்பவரும் போராளிதான்.

4. சுவரொட்டிக்கு நேரம் கொடுங்கள். ஆக்ட் அப் ஏந்திய சுவரொட்டியில் கறுப்புப் பின்னணியில் இளஞ்சிவப்பு முக்கோணம், கீழே ‘மௌனம் = மரணம்’ என்ற பொருளில் இரண்டே சொற்கள். ஆறு நண்பர்கள் மாதக்கணக்கில் பேசிப் பேசி அதை உருவாக்கினார்கள். நாஜி முகாம்களில் தன்பாலீர்ப்பு ஆண்களின் சட்டையில் தைத்த முக்கோணம் அது. நுனி மேலே பார்க்கும்படி திருப்பி வைத்தார்கள்.

5. உங்கள் கூட்டத்தில் யார் குரல் அமுங்குகிறது என்று கேளுங்கள். எய்ட்ஸ் என்பதற்கு அரசு வைத்திருந்த வரையறையில் பெண்களுக்கே வரும் நோய்கள் இருக்கவில்லை. எச்.ஐ.வி.யோடு கருப்பைவாய்ப் புற்றுநோயில் செத்தவள் எய்ட்ஸ் கணக்கில் வரமாட்டாள். உதவித்தொகையும் எளிதில் கிடைக்காது. ஆக்ட் அப்பின் பெண்கள் இதற்காக ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். சிறையிலிருந்து வந்த கத்ரீனா ஹாஸ்லிப் அவர்களில் ஒருவர். புதிய வரையறை 1993 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே கத்ரீனா இறந்துவிட்டார்.

6. வழிபடுகிறவரைத் தொடாதீர்கள். ஆணுறை பற்றிய கல்வியை நியூயார்க்கின் கத்தோலிக்கக் கர்தினால் ஓ’கானர் எதிர்த்ததற்காக, 1989 டிசம்பர் 10 அன்று புனித பேட்ரிக் பேராலயத்தின் முன் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அது முழுக்க நியாயம். சிலர் உள்ளே போய்த் திருப்பலியைக் குலைத்தார்கள். ஒருவர் நற்கருணை அப்பத்தை நொறுக்கினார். 111 பேர் கைதானார்கள். மறுநாள் பேச்சு முழுக்க அந்த அப்பத்தைப் பற்றியே இருந்தது. ஆணுறை பின்னுக்குப் போய்விட்டது. அன்று அங்கிருந்த பலர் அதை வெற்றி என்பார்கள். நான் அப்படிக் கருதவில்லை.

7. உள்ளே போய்ப் பேசுகிறவரைத் துரோகி என்று சொல்லாதீர்கள். விஞ்ஞானிகளோடு மேசையில் உட்கார்ந்தவர்களுக்கும் தெருவில் நின்றவர்களுக்கும் பிணக்கு முற்றி, 1992இல் விஞ்ஞானிகளோடு பேசிவந்த சிகிச்சைக் குழுவினர் பலர் பிரிந்து போனார்கள். அதே ஆண்டு அக்டோபரில் தெருவில் நின்றவர்கள், இறந்த காதலர்களின், நண்பர்களின் அஸ்தியைக் கொண்டுபோய் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் கொட்டினார்கள். இரண்டுமே தேவைப்பட்டன. உயிர் காக்கும் கூட்டு மருந்துகள் 1996இல் வந்தன. அவற்றுக்காகப் போராடியவர்களில் எத்தனையோ பேர் அவற்றைப் பார்க்கவில்லை.

8. எழுதி வையுங்கள்; பேச்சைப் பதிவு செய்யுங்கள். சாரா ஷுல்மனும் ஜிம் ஹப்பர்டும் ஆக்ட் அப் உறுப்பினர்கள் 187 பேரைப் பேட்டி கண்டு பாதுகாத்திருக்கிறார்கள். யாரும் பார்க்கலாம். ஆளுக்கு இரண்டு பேட்டிகளைப் பார்த்துவிட்டு, உங்கள் கோரிக்கையை ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். மறியலுக்கு நாள் குறிப்பதை அதன்பிறகு பேசுவோம்.