டிக்கியில் ஸ்டெப்னி இல்லையே!

கேள்வி: போன மாதம் புதுக் கார் டெலிவரி எடுத்தேன். வீட்டுக்கு வந்து டிக்கியின் அடித்தட்டைத் தூக்கிப் பார்த்தால் ஸ்டெப்னியைக் காணோம். கையடக்கமாக ஒரு காற்றுப் பம்பும், ஏதோ திரவம் அடைத்த பாட்டிலும் இருக்கின்றன. ஷோரூமில் கேட்டால், "இப்ப ரூலே அப்படித்தான் சார்" என்கிறார்கள். என் மாமனார் ஊர் கொடைக்கானல். ராத்திரியிலும் மலை ஏற வேண்டியிருக்கும். அந்த பாட்டிலை நம்பிப் போகலாமா?
– வாசகர், மதுரை

பதில்: ஷோரூம்காரர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2020 ஜூலையில் ஒரு திருத்தம் வந்தது. அக்டோபரில் அமலுக்கும் வந்துவிட்டது. 3.5 டன்னுக்கு உட்பட்ட பயணியர் கார்களில் ட்யூப்லெஸ் டயர், காற்று குறைந்தால் எச்சரிக்கும் டிபிஎம்எஸ், பஞ்சர் கிட் ஆகிய மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கொடுக்கக் கூடாது என்று எந்த ரூலும் சொல்லவில்லை. உங்கள் காரில் அந்த மூன்றும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

கம்பெனிகள் இதை ஏன் விரும்புகின்றன என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. டயரோடு சேர்த்து ஒரு சக்கரம் நடுத்தரக் காரில் 15 கிலோவுக்கு மேலேயே இருக்கும். அந்த எடை போனால் மைலேஜ் கணக்கில் கொஞ்சம் கூடும். மின்சாரக் காரில் பாட்டரிக்கும், சிஎன்ஜி காரில் சிலிண்டருக்கும் இடம் கிடைக்கும். ஒரு சக்கரத்தின் விலையும் மிச்சம். அந்த மிச்சத்தை உங்கள் பில்லில் கழித்தார்களா என்று ஷோரூமில் கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறிவிடும்.

இனி அந்த பாட்டில். உள்ளே இருப்பது பெரும்பாலும் லேடெக்ஸ் கலந்த பசைத் திரவம். வால்வு வழியாக உள்ளே போய், சக்கரம் சுழலும்போது பரவி, ஓட்டையில் அடைத்துக்கொள்ளும். ஆணியைப் பிடுங்காமல் அப்படியே விட்டுவிட்டுத்தான் திரவத்தை ஏற்ற வேண்டும். காற்றையும் ஏற்றியபின் சில கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி, நிறுத்தி, மறுபடி அழுத்தம் பாருங்கள். நின்றிருந்தால் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் அடுத்த பஞ்சர் கடைக்குப் போங்கள். இறங்கியிருந்தால் அதற்கு மேல் ஓட்டக் கூடாது. கடைக்காரரிடம் உள்ளே திரவம் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். டயரைக் கழற்றிக் கழுவ வேண்டும், சென்சாரையும் துடைக்க வேண்டும். பாட்டில் ஒரு தடவைக்குத்தான். அதற்குக் காலாவதித் தேதியும் உண்டு, எடுத்துப் பாருங்கள்.

இதெல்லாம் தரையில் படும் பகுதியில் ஆணி குத்தினால்தான். ஓட்டை நாலு, மிஞ்சினால் ஆறு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் அந்தத் திரவத்தால் ஒரு பயனும் இல்லை. நம் ஊரில் டயர் எப்படிப் போகிறது? குழியின் விளிம்பில் இடித்துச் சுவர் வெட்டுப்படும், ரிம் வளையும். மலையில், எதிரே வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கும்போது ஓரத்துக் கல் கிழிக்கும். காற்று இறங்கியது தெரியாமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டாலும் சுவர் உள்ளுக்குள் நொறுங்கிவிடும். ஓட்டை சின்னது என்றாலும் அந்த டயர் அவ்வளவுதான். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறியபின் ராத்திரி பதினோரு மணிக்கு அது நடந்தால், டோயிங் வண்டிக்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவருக்குக் கிட் போதும் என்பேன். உங்களுக்குப் போதாது. ஸ்டெப்னி வாங்கிவிடுங்கள். டயர் அளவு மட்டும் பார்த்தால் பற்றாது. நட்டு துளைகளின் எண்ணிக்கை, இடைவெளி, நடுத்துளை எல்லாம் உங்கள் காருக்குப் பொருந்த வேண்டும். அலாய்க்கு வரும் நட்டு இரும்புச் சக்கரத்தில் சரியாக உட்காராமல் போகலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டெப்னி இல்லாத கார்களில் பல நேரம் ஜாக்கியும் வீல் ஸ்பேனரும்கூட இருப்பதில்லை. சக்கரத்தை மட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டு போனால் வேடிக்கைதான். வாங்கியதை டிக்கியில் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். சிஎன்ஜி கார் வைத்திருக்கும் சிலர் பின் சீட்டில் சும்மா சாய்த்து வைத்திருக்கிறார்கள். சடன் பிரேக் போட்டால் அந்த 15 கிலோ டிரைவரின் பின்மண்டைக்கு வரும்.

கேள்வி: என் காரில் ஓடும் டயர்கள் 215/60 ஆர்17. ஸ்டெப்னி மட்டும் 205/65 ஆர்16 இரும்புச் சக்கரம். மாட்டினால் வண்டி ஒரு பக்கம் இழுக்குமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: விட்டத்தைக் கணக்குப் போட்டால் ஒன்று 690 மில்லிமீட்டர், மற்றது 673. இரண்டரை சதவீதம் சிறியது. லேசாக இழுப்பது தெரியலாம். அந்த வித்தியாசத்தை முன் அச்சின் டிஃபரன்ஷியல் இடைவிடாமல் சமாளித்துக்கொண்டிருக்க வேண்டும். அதனால் முன்சக்கர டிரைவ் காரில் முன் டயர் போனால், பின்பக்க நல்ல சக்கரத்தை முன்னே மாற்றி, ஸ்டெப்னியைப் பின்னே மாட்டுவது நல்லது. கூடுதல் வேலைதான். ஸ்டெப்னியில் சென்சார் இல்லை என்றால் டிபிஎம்எஸ் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், பயப்பட வேண்டாம். மேனுவலில் போட்ட வேகத்துக்குள் பஞ்சர் கடை வரை போய், பழைய டயரை மாட்டிக்கொள்ளுங்கள்.

இதை விட ஒல்லியான ஸ்டெப்னியும் உண்டு. டயரில் அளவுக்கு முன்னால் 'டி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது தற்காலிக டயர். வேகம் 80-க்குள். அதற்குக் காற்று சுமார் 60 பிஎஸ்ஐ வேண்டும். பங்க்கில் பையன் வழக்கம்போல 32 அடித்துவிடுவான், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: ரன்ஃபிளாட் டயர் போட்டுவிட்டால் ஸ்டெப்னித் தொல்லையே இல்லை என்கிறார் நண்பர். சரிதானா?
– வாசகர், கோவை

பதில்: காற்றே இல்லாமல் 80 கி.மீ. வேகத்தில் சுமார் 80 கி.மீ. தூரம் ஓடும். சுவர் தடிமன் என்பதால் குலுக்கலும் அதிகம், விலையும் அதிகம். டிபிஎம்எஸ் இல்லாத காரில் போடவே கூடாது. காற்று போனதே உங்களுக்குத் தெரியாது. சாதாரண டயரோடு வந்த காருக்கு இது வீண் செலவு.

கேள்வி: எட்டு வருடமாக ஸ்டெப்னியைத் தொட்டதே இல்லை. பளபளவென்று புதிதாக இருக்கிறது. ஓடும் டயராகப் போடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: போடாதீர்கள். ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். சுவரில் நாலு இலக்க எண் இருக்கும். 2317 என்றால் 2017-ன் 23-ஆவது வாரம் தயாரித்தது. எட்டு வருட டயர் பஞ்சர் கடை வரை போய்ச் சேர உதவலாம், அதற்கு மேல் அதைக் கேட்காதீர்கள். அடுத்த முறை டயர் மாற்றும்போது ஐந்தாவதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். அதுவரை, மாதம் ஒரு தடவை மற்ற நாலுக்கும் காற்றுப் பிடிக்கும்போது அதற்கும் பிடியுங்கள்.