கொக்கோ வெண்ணெய்: உண்ணவும் பூசவும்

நோன்புப் பெருநாளன்று விருந்தாளிகள் முன் வைக்கும் தட்டில் சாக்லெட் இல்லாத வீடு இக்காலத்தில் அரிது. அதே வீட்டின் அலமாரியில், "கொக்கோ வெண்ணெய் கலந்தது" என்று எழுதிய பூச்சுக் களிம்பு ஒன்றும் இருக்கக் காணலாம். பிள்ளைகள் தின்பதும் தாய்மார்கள் பூசுவதும் ஒரே மரத்தின் விதையிலிருந்து வந்தவையே. அப்பொருள் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

பிறப்பு

வெண்ணெய் என்ற பெயரைக் கண்டு, இதில் பால் சேர்ந்திருக்கிறது என எண்ண வேண்டாம். இது முற்றிலும் தாவரக் கொழுப்பு. கொக்கோ மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் பிரதேசம். பலாவைப் போல அடிமரத்திலேயே காய்க்கும். ஒரு காயினுள் 30 முதல் 40 விதைகள் வெண்ணிறச் சதையில் பொதிந்திருக்கும். அவற்றைக் குவித்து மூடிச் சில நாள் புளிக்க விட்டு, உலர்த்தி, வறுத்து, தோலை நீக்கினால் கிடைக்கும் பருப்பில் ஏறக்குறையப் பாதி கொழுப்பாகும். பருப்பை அரைத்துப் பிழிந்தால் கொழுப்பு வேறு, பிண்ணாக்கு வேறு எனப் பிரியும். பிண்ணாக்கைப் பொடித்ததே நாம் பாலில் கலக்கும் கொக்கோத் தூள். பிரிந்த கொழுப்பே கொக்கோ வெண்ணெய்.

இவ்வாறு பிழியும் முறைக்கு 1828-ல் நெதர்லாந்தில் வான் ஹௌட்டன் என்பார் காப்புரிமை பெற்றார். 1847-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஃபிரை கம்பெனியார், கொக்கோவுடன் சர்க்கரையும் இக்கொழுப்பும் சேர்த்துக் கடித்துத் தின்னும் சாக்லெட்டை வார்த்தனர். அதுவரை சாக்லெட் பெரும்பாலும் பானமாகவே இருந்தது.

நம் மலேசியாவும் ஒரு காலத்தில் பெரும் கொக்கோ நாடு. 1990-ல் சுமார் 2 இலட்சத்து 47 ஆயிரம் டன் விளைந்தது. பின்னர் காய் துளைக்கும் பூச்சியும் விலை வீழ்ச்சியும் சேர்ந்து தாக்கவே, பலர் செம்பனைக்கு மாறினர். இன்று விளைச்சல் மிகச் சொற்பம். ஆயினும் வெளிநாட்டுக் கொட்டைகளை வரவழைத்து அரைத்து, வெண்ணெயும் தூளுமாக ஏற்றுமதி செய்யும் ஆலைகள் இங்கு உண்டு.

உணவில்

கொக்கோ வெண்ணெய் சாதாரண அறை வெப்பத்தில் கட்டியாக இருக்கும். 34 முதல் 36 டிகிரியில் உருகிவிடும். நம் உடலின் வெப்பமோ 37 டிகிரி. சாக்லெட் கையில் கட்டியாக இருந்து, வாயில் வைத்ததும் கரைவதன் இரகசியம் இதுவே. நம் ஊர் வெயிலில் உருகி மீண்டும் உறைந்த சாக்லெட்டின் மேல் வெள்ளை படர்வதுண்டு. அது பெரும்பாலும் மேலே வந்து உறைந்த கொழுப்பேயன்றிப் பூஞ்சணம் அன்று. பண்டம் கெட்டுவிட்டதென்று வீசிவிட வேண்டாம்.

வெள்ளைச் சாக்லெட்டில் கொக்கோத் தூள் கிடையாது. இவ்வெண்ணெயும் பாலும் சர்க்கரையுமே உண்டு. மலிவான பண்டங்களில் இதற்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பைச் சேர்ப்பர். அது குற்றமன்று, ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதை அறிய, உறையில் உள்ள பட்டியலைப் படிக்க வேண்டும். சரவாக் காடுகளில் விளையும் எங்கபாங் கொட்டையின் கொழுப்பும் இவ்வாறு பயன்படுவதே.

சருமத்தில்

இது தோலின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமல் தடுக்கிறது. ஆகவே வறண்ட கை கால்களுக்கும் வெடித்த உதடுகளுக்கும் நல்லது. குளித்தபின் ஈரம் முழுவதும் உலருமுன் சிறிதளவு பூசினால் போதும். முகப்பரு உள்ளவர்கள் முகத்தில் பூசாதிருப்பது நலம், துவாரங்களை அடைக்கக்கூடும். உடல் வெப்பத்தில் உருகும் குணத்தால், ஆசனவாயில் வைக்கும் மருந்துகளைச் செய்யவும் இதை உபயோகிக்கின்றனர்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கர்ப்பிணிப் பெண்ணின் வயிற்றில் கோடுகள் விழாமல் இது தடுக்கும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. மகள் முழுகாமல் இருக்கிறாள் என்றதும் உம்மாமார் விலையுயர்ந்த களிம்புகளை வாங்கிக் குவிக்கின்றனர். கோடு விழுந்துவிட்டாலோ, "ஒழுங்காகத் தேய்த்திருந்தால் விழுந்திருக்குமா?" என்று அப்பெண்ணையே கடிந்துகொள்வதும் உண்டு. 2008-ல் லெபனான் நாட்டு ஆய்வொன்று வெளியாயிற்று. முதற்பிள்ளை சுமந்த பெண்களில் ஒரு சாரார் கொக்கோ வெண்ணெய்ப் பூச்சும், மறுசாரார் அது கலவாத பூச்சும் பூசினர். எவர் எதைப் பூசினர் என்பது அவர்களுக்கே தெரியாது. முடிவில் இரு சாராரிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் கோடுகள் விழுந்தன. குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கோடு விழுவது உடல்வாகையும் பரம்பரையையும் பெரிதும் பொறுத்தது. அதற்காக எப்பெண்ணும் பழிச்சொல் கேட்க வேண்டியதில்லை.

மற்றொன்று: கொக்கோ வெண்ணெய் தாவரப் பொருளாயினும், உடன் சேரும் பொருள்கள் அனைத்தும் அவ்வாறல்ல. சில சாக்லெட்டுகளில் மதுவும், சில களிம்புகளில் மிருகக் கொழுப்பும் கலப்பதுண்டு. ஹலால் முத்திரையைப் பார்த்தே வாங்குவோமாக.

வறட்சிக்குப் பூசுங்கள்; அளவோடு உண்ணுங்கள். விளம்பரம் சொல்லும் அற்புதங்களுக்காகக் காசை விரயம் செய்யாமல், அதைத் தாயாகப் போகும் பெண்ணின் நல்லுணவுக்குச் செலவிடுங்கள். அதுவே அவளுக்கும் சிசுவுக்கும் பயன் தரும்.