குழந்தைக்கு வயிற்றோட்டமும் வாந்தியுமா?

1. ஜீவனி எனும் வாய்வழி நீரேற்ற உப்புப் பொதி ஒன்றை, கொதித்தாறிய 1 லீற்றர் நல்ல தண்ணீரில் முழுவதுமாகக் கரைக்கவும். வேலணைத் தீவின் கிணறுகள் பலவற்றின் நீர் உவரானது. கொதிக்கவைத்தல் கிருமியைக் கொல்லுமேயன்றி உப்பை நீக்காதாகையால், அந்நீரில் கரைத்தால் உப்பு அளவுமீறிக் குழந்தைக்குத் தீங்காகும். எஞ்சியதை 24 மணிநேரத்தில் ஊற்றிவிடவும். வைத்திருந்தால் கிருமி பெருகும்.

2. ஒவ்வொரு முறை வயிற்றால் போனபின்னும், 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலீற்றரும் அதற்கு மூத்த பிள்ளைக்கு அதன் இருமடங்கும் பருக்கவும். இழந்த நீர் இவ்வாறே மீளும். வாந்தியெடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, 2, 3 நிமிடத்துக்கொரு தேக்கரண்டியாகத் தொடரவும். ஒரே மூச்சில் குடித்தது திரும்பி வந்துவிடும்.

3. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். அது நீரும் உணவுமாகும். சோடா வேண்டாம், அதன் சீனி குடலுக்குள் நீரை இழுத்து ஓட்டத்தைக் கூட்டும். ஓட்டத்தைக் கட்டும் மாத்திரையோ, பெரியவர்களுக்கு ஆகுமாயினும், சிறுகுழந்தைக்கு ஆபத்து.

4. கண் குழிதல், 6 மணிநேரம் சிறுநீர் கழியாமை, துவண்டு குடிக்க மறுத்தல் ஆகியன கடும் நீரிழப்பின், அதாவது உடலின் நீரும் உப்பும் வற்றுவதன், அடையாளங்கள். இவற்றிலொன்றோ மலத்தில் இரத்தமோ தென்பட்டால், விடியட்டுமென்று காத்திராமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கவும்; சிற்றுடல் சில மணிநேரத்திலேயே நிலைகுலையும்.