சோராத பிரார்த்தனை

ஓர் ஊரில் நீதிபதி ஒருவர் இருந்தார். அவருக்குக் கடவுளிடம் அச்சமும் இல்லை. மனிதர்களிடம் மதிப்பும் இல்லை. அவ்வூர் விதவை ஒருத்தி தனக்கு நியாயம் வழங்குமாறு அவரிடம் மீண்டும் மீண்டும் முறையிட்டு வந்தாள். நெடுங்காலம் அவர் இணங்கவில்லை. இறுதியில், அவளது தொல்லையிலிருந்து விடுபடவேனும் நீதி வழங்கிவிடுவது என்று முடிவு செய்தார்.

லூக்கா நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில் வரும் உவமை இது. இயேசு இதைக் கூறியதன் நோக்கத்தை நற்செய்தியாளர் தொடக்கத்திலேயே தெரிவித்துவிடுகிறார்: பிரார்த்தனையில் மனம் தளரலாகாது.

அதே நற்செய்தியின் 11-ஆம் அதிகாரத்தில் இன்னோர் உவமை உள்ளது. ஒருவனது வீட்டிற்கு எதிர்பாராமல் விருந்தினன் வருகிறான், வீட்டில் உணவில்லை. அவன் நள்ளிரவில் நண்பனின் கதவைத் தட்டி மூன்று அப்பங்கள் கேட்கிறான். கதவை அடைத்தாயிற்று, குழந்தைகளும் படுத்துவிட்டார்கள் என்று மறுக்கிறான் நண்பன். நட்புக்காக எழாத அவன், தட்டுபவன் விடாமல் கேட்பதால் எழுந்து கொடுக்கிறான்.

அறிந்தவரிடம் ஏன் கேட்க வேண்டும்?

இங்கே ஓர் ஐயம் எழுகிறது. நாம் கேட்பதற்கு முன்பே நமது தேவையை இறைவன் அறிவார் என்றும், பிரார்த்தனையில் வீண்சொற்களை அடுக்க வேண்டாம் என்றும் மத்தேயு நற்செய்தியில் இயேசுவே கூறுகிறார். அப்படியானால் மீண்டும் மீண்டும் கேட்பது எதற்காக?

கி.பி. 410-இல் ரோம் நகரம் சூறையாடப்பட்ட பின்னர், புரோபா என்ற செல்வக் குடும்பத்து விதவை வட ஆப்பிரிக்காவில் தஞ்சம் புகுந்தாள். பிரார்த்தனையைப் பற்றி அவளுக்குப் புனித அகஸ்டின் எழுதிய கடிதத்தில் இதற்கு விடை கிடைக்கிறது. நமது விருப்பத்தை இறைவனுக்குத் தெரிவிப்பதற்காக நாம் பிரார்த்திப்பதில்லை. அவர் தர இருப்பது மிகப் பெரிது; அதைப் பெற நமது உள்ளம் சிறிது. இடைவிடாத வேண்டுதல் ஏக்கத்தை வளர்த்து, பெறும் தகுதியை நமக்கு அளிக்கிறது. சொற்களைப் பெருக்குவது வேறு, ஏக்கம் நீடிப்பது வேறு என்றும் அவர் பிரித்துக் காட்டுகிறார். கெத்சமனே தோட்டத்தில் இயேசு ஒரே வேண்டுதலை மூன்று முறை வைத்தார். அதை வீண்சொல் என்று யாரும் கூறமாட்டார்கள்.

மறுக்கப்பட்ட ஓர் இரவு

இந்த உண்மையை அகஸ்டின் தமது தாயின் வாழ்க்கையிலும் கண்டார். மகன் நல்வழிக்குத் திரும்ப வேண்டும் என்று மோனிகா பல்லாண்டுகள் கண்ணீருடன் பிரார்த்தித்தார். மகன் ரோமுக்குக் கப்பலேற முற்பட்டபோது, அவர் போகக் கூடாது என்று ஓர் இரவு முழுவதும் வேண்டினார். மகனோ தாயை ஏமாற்றிவிட்டு அந்த இரவிலேயே புறப்பட்டார். அந்தப் பயணம்தான் அவரை மிலான் நகரில் ஆயர் அம்புரோசிடம் கொண்டு சேர்த்தது, கி.பி. 387-இல் அவர் அங்கே ஞானஸ்நானம் பெற்றார். தாயின் வாழ்நாள் வேண்டுதலை நிறைவேற்றவே, அந்த ஓர் இரவின் வேண்டுதலை இறைவன் ஏற்கவில்லை என்று அகஸ்டின் பின்னாளில் எழுதினார். மோனிகா அந்த இரவோடு சோர்ந்து பிரார்த்தனையைக் கைவிடவில்லை என்பதே நமக்குப் பாடம்.

தீவிரமும் விடாமுயற்சியும் இணைந்தே இருக்க வேண்டும். அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்து ஏறும் பக்தர்கள் இதை அறிவார்கள். உற்சாகம் முதல் சில நூறு படிகளுக்குத் துணை வரும். ஏற வேண்டியவையோ சுமார் 3,550 படிகள். பயணம் முடியப்போகிறது என்று எண்ணும் வேளையில்தான் ‘முழங்கால் முடிச்சு’ என்னும் செங்குத்தான ஏற்றம் எதிர்ப்படும். தீவிரம் மட்டும் உள்ளவர் நடுவழியில் அமர்ந்துவிடுவார். விடாமுயற்சி மட்டும் உள்ளவரோ படிகளை எண்ணிக்கொண்டே ஏறி, யாரைக் காணப் போகிறோம் என்பதை மறந்துவிடுவார்.

தட்டுபவரின் கதவு

திருப்பதியும் சித்தூரும் 1911-ஆம் ஆண்டுவரை வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தன. அப்பகுதியில் 1853 முதல் பணியாற்றிய ஆற்காடு மிஷனைச் சேர்ந்த மருத்துவரின் மகள் ஐடா ஸ்கடர். 1890-களின் தொடக்கத்தில், நோயுற்ற தாய்க்கு உதவுவதற்காக அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்திருந்தார். இந்தியாவில் தங்கும் எண்ணம் அவருக்கு இல்லை. ஓர் இரவில் மூவர் அடுத்தடுத்து அவரது கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவரும் உயர்குல இந்து. மூவரின் இளம் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். ஆண் மருத்துவர் தொடுவதை அக்குடும்பங்களின் வழக்கம் ஏற்கவில்லை. ஐடாவோ மருத்துவம் பயிலாதவர். உறக்கமின்றிப் பிரார்த்தனையில் இரவைக் கழித்தார். விடிந்தபோது அம்மூன்று பெண்களும் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

உவமையில் மனிதன் இறைவனின் கதவைத் தட்டுகிறான். இங்கே மனிதனின் கதவு தட்டப்பட்டது. ஐடா 1899-இல் அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-இல் திரும்பி வந்தார். வேலூரில் 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. ஓர் இரவின் தீவிரம், 1960-இல் அவர் மறையும்வரை விடாமுயற்சியாகத் தொடர்ந்தது.

நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளிக்கு அருகே, பல கிறிஸ்தவ மிஷன்கள் ஒன்றுகூடி 1915-இல் காசநோய் மருத்துவமனை ஒன்றை நிறுவின. அவ்விடத்தின் பெயர் ஆரோக்கியவரம். காசநோயை முறிக்கும் மருந்து 1940-களில்தான் கண்டறியப்பட்டது. அதுவரை ஓய்வு, தூய காற்று, சத்தான உணவு, மாதக்கணக்கில் பொறுமை ஆகியவையே முக்கியமான சிகிச்சை. ஆரோக்கியத்தை வரமாகக் கேட்டவர்களுக்கு நாள்தோறும் செய்யும் பணிவிடையே அந்த வரம் வரும் வழியாயிற்று.

நள்ளிரவில் அப்பம் கேட்டவன் தனக்காகக் கேட்கவில்லை, தன்னை நம்பி வந்தவனுக்காகக் கேட்டான் என்பதை இங்கே நினைவுகூர்வது நல்லது. இறைவன் அந்த நீதிபதியைப் போன்றவர் அல்லர். எனினும், எளியவரின் முறையீட்டுக்குச் செவிசாய்க்காத ஒரு நீதிபதி நம் ஒவ்வொருவருள்ளும் அமர்ந்திருக்கிறான். நாள்தோறும் செய்யும் பிரார்த்தனை அவனைத்தான் இளகச் செய்கிறது.

எனவே, நாள்தோறும் குறித்த நேரத்தில் பிரார்த்திப்போம். சொற்கள் சிலவாக இருக்கட்டும். அவை நேற்றைய சொற்களாகவே இருந்தாலும் குறையில்லை. மனம் வறண்ட நாளிலும் இருக்கையை விட்டு எழாதிருப்போம். நமது வேண்டுதலில் பிறர் ஒருவரின் துயருக்கும் இடமளிப்போம். இறைவனின் கதவைத் தட்டும் நாம், நமது கதவைத் தட்டும் ஒலியையும் கேட்கும் செவி பெறுவோமாக.